டப்பாவில் சோறு மட்டும் போதுமா?

விடியற்காலை நாலரை மணி. தாராவி 90 அடி சாலையை ஒட்டிய சந்துகளில் ஒவ்வொரு வீடாக விளக்கு எரிகிறது. குழாயில் தண்ணீர் வரும் நேரம் அது. வாசலில் குடம் நிரம்பிக் கொண்டிருக்கும்போதே உள்ளே அடுப்பில் உலை கொதிக்கிறது. ஆறு மணிக்குள் மூன்று டப்பா கட்டியாக வேண்டும். அந்தேரியில் பட்டறை வேலைக்குப் போகும் கணவருக்கு ஒன்று. கோட்டைப் பகுதியில் குமாஸ்தாவாக இருக்கும் கொழுந்தனாருக்கு ஒன்று. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு ஒன்று.

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை அல்ல. மாட்டுங்கா, சயான், செம்பூர், முலுண்டு, டோம்பிவிலி, கல்யாண் என்று மும்பைத் தமிழர்கள் வாழும் இடமெல்லாம் நடப்பதுதான். வீடு தள்ளிப் போகப் போக அடுப்பு பற்ற வைக்கும் நேரம் முன்னால் வரும். அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த டப்பாவைத் திறந்து பார்த்தால் என்ன இருக்கிறது? முக்கால் டப்பா சோறு. மேலே கொஞ்சம் சாம்பார் அல்லது புளிக்குழம்பு. ஓரத்தில் நாலு துண்டு உருளைக்கிழங்கு வறுவல். ஒரு விரல் ஊறுகாய். ஒரு மணிக்குச் சாப்பிட்டதும் வயிறு கனக்கிறது, கண்ணைச் சொக்குகிறது. மூன்றரை மணிக்கு மறுபடியும் பசி! தெருமுனைக்குப் போய் ஒரு வடாபாவ், ஒரு கட்டிங் டீ. மாதத்தில் 25 நாள் இப்படியே போனால் ஊருக்கு அனுப்பும் பணத்தில்தான் துண்டு விழும்.

வீட்டுச் சாப்பாடு கட்டிக் கொண்டு போவதே காசை மிச்சம் பிடிக்கத்தான். கட்டிக் கொண்டு போயும் வெளியே செலவாகிறது என்றால், கோளாறு டப்பாவுக்குள்ளேயே இருக்கிறது.

எவ்வளவு சோறு? எவ்வளவு பயறு?

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ம் ஆண்டு புதிய உணவு வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. ஒரு நாளைக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு அரிசி, கோதுமை, கேழ்வரகு எல்லாம் சேர்ந்து 250 கிராம் போதும் என்று அது கணக்குச் சொல்கிறது. பருப்பும் பயறுமாக 85 கிராம் வேண்டும். கீரையும் காயுமாக 400 கிராம். பால் அல்லது தயிர் 300 மில்லி. நிலக்கடலை, எள் போன்றவை 35 கிராம். எண்ணெய் 27 கிராமுக்கு மேல் வேண்டாம்.

மூட்டை தூக்குகிறவருக்கும் உலைக்கூடத்தில் நிற்கிறவருக்கும் இந்தக் கணக்கு பற்றாது. அவர்களுக்குச் சோறு கூடத்தான் வேண்டும். ஆனால் சோறு கூடினால் பயறும் சேர்ந்து கூட வேண்டும். நம் வீடுகளில் சோறு கூடுகிறது. பயறு இருந்த இடத்திலேயே நிற்கிறது.

65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாள் ஒன்றுக்கு 54 கிராம் புரதம் தேவை. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 46 கிராம். 150 கிராம் அரிசி போட்டு வடித்த சோற்றில் கிடைப்பது ஏறத்தாழ 12 கிராம்தான். சாம்பாரில் இருக்கும் பருப்பு பெரும்பாலும் கரண்டிக்கு அகப்படாமல் தண்ணீரோடு நின்றுவிடும். மூன்றரை மணிப் பசிக்கு இதுதான் காரணம்.

சோறு ஏன் இவ்வளவு அதிகம்? அது மலிவு என்பதால்தான். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் ரேஷன் அட்டைகளுக்கு 2023 ஜனவரி முதல் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் இலவசமாகவே கிடைக்கிறது. ஊரில் அட்டை வைத்திருக்கும் பலருக்கு அதைக் கொண்டே மும்பை ரேஷன் கடையிலும் வாங்கலாம் என்பது தெரிவதில்லை. 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. ஆனால் எல்லா அட்டைக்கும் இது செல்லாது. முன்னுரிமை அட்டை, அந்தியோதயா அட்டை ஆகியவற்றுக்கு மட்டுமே. தமிழக அரசு தன் கணக்கில் மலிவாகத் தரும் துவரம் பருப்பும் பாமாயிலும் இங்கே வராது.

தானியம் அப்படிக் கிடைக்கிறவர்கள் அரிசிக்குச் செலவாகாத காசைப் பயறுக்குத் திருப்பிவிட்டால் டப்பாவின் பாதி வியாதி தீர்ந்தது!

பெயர்தான் வேறு

"இந்த ஊரில் நம் பயறெல்லாம் எங்கே கிடைக்கிறது? மாட்டுங்கா வரை போக வேண்டுமே!" என்பது பல வீடுகளில் கேட்கிற பேச்சு. கருவாட்டுக்கும் வாழைப்பூவுக்கும் வேண்டுமானால் அலையலாம். பயறுக்கு அலைய வேண்டியதில்லை. தெருமுனை வாணி கடையில் சாக்குச் சாக்காக இருக்கிறது. பெயர்தான் வேறு.

நிலக்கடலைக்கு இங்கே சேங்தாணா என்று பெயர். தட்டைப்பயறு, காராமணி என்று நாம் சொல்வது சௌளி. பாசிப்பயறு மூக். கொண்டைக்கடலை ஹர்பரா. கொள்ளு என்று கேட்டால் கடைக்காரர் விழிப்பார். குலித் என்றால் உடனே எடுத்துக் கொடுப்பார். கொங்கணத்துக்காரர்கள் அதை மாவாக்கிக் கூழ்போலக் காய்ச்சிச் சோற்றில் ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். கேழ்வரகுக்கு நாச்னி என்று பெயர். கம்பு என்றால் பாஜ்ரி. சோளம் என்றால் ஜ்வாரி.

மட்கி என்று ஒன்று உண்டு. நம் பக்கத்து நரிப்பயறுதான் அது. ஊரில் அவ்வளவாகப் புழக்கத்தில் இல்லை. இங்கே அது இல்லாத மராத்தியர் வீடு கிடையாது. மிசல் கடையில் கொதித்துக் கொண்டிருப்பதும் பெரும்பாலும் அதுதான். முளை கட்டிய மட்கியைத் தாளித்து அவர்கள் செய்யும் உசலும், நம் வீட்டுச் சுண்டலும் அக்கா தங்கை மாதிரி. தேங்காயும் கறிவேப்பிலையும் போட்டுவிட்டால் நம் வீட்டுச் சுண்டலாகவே ஆகிவிடும்.

செலவைப் பார்க்கலாம். ஒரு டப்பாவுக்கு 50 கிராம் பயறு போதும். ஊறினால் அது இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும். ஆகவே ஒரு கிலோ பயறில் 20 டப்பா கட்டலாம். கடையில் கிலோ என்ன விலை சொல்கிறார்களோ அதை 20-ஆல் வகுத்துப் பாருங்கள். தெருமுனை வடாபாவ் விலையோடு ஒப்பிட்டும் பாருங்கள். அந்த 50 கிராமில் சுமார் 10 கிராம் புரதம் இருக்கிறது. அதாவது சோற்றில் கிடைப்பதற்குக் கிட்டத்தட்டச் சமம்!

முளை கட்டுவது பெரிய வித்தை அல்ல. காலையில் டப்பா கட்டும்போதே நாளைக்கு வேண்டிய பயறைத் தண்ணீரில் போட்டுவிட வேண்டும். மாலையில் வடித்து ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டால் மறுநாள் காலையில் மூக்கு விட்டிருக்கும். மும்பைப் புழுக்கத்துக்கு மட்கியும் பாசிப்பயறும் சீக்கிரமே முளைக்கும். ஊறிய பயறு விரைவில் வேகும், கேஸும் மிச்சம். ஆனால் முளைப்பயறைப் பச்சையாக டப்பாவில் போட வேண்டாம். புழுக்கத்தில் கிருமி பெருகும். வேகவைத்தே கட்ட வேண்டும்.

கீரைக்கும் இதே கதைதான். வெந்தயக்கீரை மேத்தி. சிவப்புத் தண்டுக்கீரை லால் மாட். புளிச்சக்கீரை அம்பாடி. முருங்கைக்குச் சேவ்கா என்று பெயர். பழைய சால் வீடுகளின் பின்புறத்தில் அந்த மரம் நிற்பதைப் பார்க்கலாம். மழைக்காலத்தில் மராத்திப் பெண்கள் அதன் இலையை உருவிப் பொரியல் செய்கிறார்கள். தமிழர்கள் அந்த மரத்தடியில் நின்று பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள்!

ஏழு மணி நேரம் தாங்க வேண்டும்

சத்தாக இருந்தால் மட்டும் போதுமா? கெடாமல் இருக்க வேண்டாமா? ஆறு மணிக்குக் கட்டும் சோறு ஒரு மணிக்குத்தான் திறக்கப்படுகிறது. இடையே ரயில் கூட்டம், ஏப்ரல் வெயில், அக்டோபர் புழுக்கம்.

டப்பாவாலாவிடம் கொடுத்தனுப்புகிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. 1890-ல் மகாதேவ் ஹாவாஜி பச்சே என்பவர் தொடங்கி வைத்த தொழில் அது. கணவர் ஏழு மணிக்கே போய்விட்டாலும் டப்பாவை அவர்கள் பத்து மணி வாக்கில்தான் எடுக்க வருவார்கள். ஆகவே ஒன்பது மணிக்குச் சமைத்தாலும் போதும். உண்மையில் அவர்கள் விற்பது அந்த மூன்று மணி நேரத்தைத்தான். ஆனால் பட்டறைத் தொழிலாளிக்கு அது கட்டுப்படியாகாது. தன் டப்பாவைத் தானே தூக்கிக் கொண்டு போகிறார்.

சோற்றில் ஒரு சங்கதி உண்டு. அரிசியோடு வரும் சில நுண்ணுயிர்களின் வித்து கொதிநீரிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகவே பல மணி நேரம் கிடந்தால் அது முளைத்துப் பெருகும். அது கக்கும் நஞ்சு பிறகு சூடு பண்ணினாலும் போகாது. வாந்தி, வயிற்றுப்போக்கு வருவது இதனால்தான். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக்கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. மும்பைத் தொழிலாளிக்கு அது நடக்கிற காரியமா? நடக்காது. அதனால் எதைக் கட்டுகிறோம் என்பதில் கவனம் வேண்டும்.

இரவு மீந்த சோற்றைக் காலையில் கிளறிக் கட்டுவதை வெயில் காலத்தில் அடியோடு விட்டுவிட வேண்டும். சுடச்சுட ஆவி பறக்கும் சோற்றை அப்படியே அடைத்து மூடினால் உள்ளே வியர்த்து நீர் கோக்கும். அகலமான தட்டில் பரப்பிச் சீக்கிரம் ஆறவிட்டுக் கட்டுவது நல்லது. சூடு காக்கும் டப்பா இருந்தால் மட்டும் கொதிக்கக் கொதிக்கப் போட்டு உடனே மூடலாம்.

ஊரில் யாத்திரைக்குக் கட்டிய சாப்பாடெல்லாம் ஏன் புளியோதரையாகவும் எலுமிச்சைச் சாதமாகவும் இருந்தது? புளிப்பும் உப்பும் எண்ணெயும் இருந்தால் கிருமிக்கு ஆகாது என்பது நம் பாட்டிகளுக்குத் தெரியும். அதே வழிதான் இன்றும். புளியோதரையில் கைப்பிடி வறுத்த கடலையும் வேகவைத்த கொண்டைக்கடலையும் சேர்த்தால் வெறும் சோறாக இருந்தது முழுச் சாப்பாடாகிவிடும். தயிர்சாதம் கட்டுகிறவர்கள் காய்ச்சி ஆறிய பாலை நிறைய விட்டு ஒரு கரண்டி தயிர் சேர்த்தால் மதியத்துக்குள் புளிக்காமல் தோய்ந்திருக்கும். தேங்காய்ச் சட்னி வேண்டாம். பத்து மணிக்கே ஊசிப்போகும். அதற்குப் பதில் பருப்புப் பொடி. அல்லது சோலாப்பூர்ப் பக்கத்துக்காரர்கள் நிலக்கடலையும் பூண்டும் மிளகாயும் இடித்துச் செய்யும் காய்ந்த சட்னி. ஒருமுறை இடித்து வைத்தால் பல நாள் வரும்.

சாம்பார் கொண்டு போவதில் இன்னொரு சங்கடமும் உண்டு. 7-50 வண்டியில் பக்கத்தில் நிற்கிறவர் சட்டை வெள்ளையாக இருந்தால் சண்டைதான். சப்பாத்திக்குள் முட்டைப் பொரியலோ கீரைக் கடைசலோ வைத்துச் சுருட்டினால் கொட்டாது. கேழ்வரகு மாவில் முருங்கைக்கீரையும் வெங்காயமும் போட்டு அடை தட்டினால் ஆறினாலும் தின்னலாம். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அதே அளவு அரிசியில் 10 மில்லிகிராம் இருந்தால் பெரிது.

புளிச் சாதத்தை அலுமினிய டப்பாவில் வைக்கக் கூடாது; எவர்சில்வர்தான் நல்லது. மூடியின் ரப்பர் வளையத்தைத் தினமும் கழற்றிக் கழுவ வேண்டும். பழைய வாடை அங்கேதான் குடியிருக்கும். சப்பாத்தியையும் வடையையும் செய்தித்தாளில் சுற்ற வேண்டாம் என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் சொல்லியிருக்கிறது. அச்சு மை உணவில் ஒட்டும். செய்தித்தாளைப் படித்துவிட்டுப் பழைய பேப்பர்காரரிடம் போடுவதுதான் முறை!

ஒரே அறையில் எட்டுப் பேர்

குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு ஒரே அறையில் ஆறு பேர், எட்டுப் பேர் தங்கியிருக்கிறவர்கள் என்ன செய்வார்கள்? ஒரு காலத்தில் பரேல், தாதர் பகுதிகளில் அவர்களுக்கு கானாவல் இருந்தது. மில் தொழிலாளிகளுக்கு வீட்டுப் பெண்கள் சமைத்துப் போட்ட சாப்பாட்டு ஏற்பாடு அது. அந்தப் பெண்களை ஒன்று சேர்த்து பிரேமா புராவ் 1975-ல் அன்னபூர்ணா மகிளா மண்டல் என்ற அமைப்பைத் தொடங்கினார். 1982 ஜனவரியில் மில் வேலைநிறுத்தம் தொடங்கியது. மில்கள் ஒவ்வொன்றாக மூடிய பிறகு கானாவல் வழக்கமும் தேய்ந்தது.

இன்றைக்கு அறையில் தங்குகிறவர்களில் பலர் காலையில் டீயும் பன்னும், மதியம் வடாபாவ், இரவு மட்டும் ஓட்டலில் சாப்பாடு என்று ஓட்டுகிறார்கள். இரண்டு வருடத்தில் நெஞ்செரிச்சலும் கைகால் அசதியும் வந்துவிடுகிறது. ஊருக்குப் போகும்போது தாயார் "ஏன்யா இப்படி உருகிப் போயிட்டே?" என்று கேட்கிறார்.

எட்டுப் பேர் சேர்ந்து ஒரு பெரிய குக்கர் வாங்கினால் போதும். இரண்டு பங்கு அரிசி, ஒரு பங்கு பாசிப்பருப்பு, கை நிறையக் கீரை, சீரகம், மிளகு, மஞ்சள். வெண்பொங்கலும் இல்லை, இங்குள்ள கிச்சடியும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒன்று. அரை மணி நேர வேலை. முறை வைத்துக் கொண்டால் எட்டு நாளைக்கு ஒரு தடவைதான் ஒருவர் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும். தண்ணீரைக் குறைத்துக் கெட்டியாக இறக்கி, தட்டில் பரப்பி ஆறவிட்டுத்தான் இதையும் கட்ட வேண்டும். கடும் வெயில் மாதங்களில் இதை இரவுச் சாப்பாட்டுக்கு வைத்துக் கொண்டு மதியத்துக்குச் சப்பாத்தி கொண்டு போகலாம். கூட ஒரு பொட்டலம் வறுத்த கடலை. 35 கிராம் கடலையில் 8 கிராம் புரதம். மூன்றரை மணிக்கு அதைக் கொறித்தால் வடாபாவ் ஞாபகம் வராது.

எட்டாம் வகுப்போடு நின்றுபோவது

மும்பை மாநகராட்சி தமிழ்ப் பள்ளிகளும் நடத்துகிறது. அங்கும் மற்ற அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மதிய உணவு உண்டு. ஐந்தாம் வகுப்பு வரை 450 கலோரி, 12 கிராம் புரதம். ஆறு முதல் எட்டு வரை 700 கலோரி, 20 கிராம் புரதம். இது மத்திய அரசு வைத்திருக்கும் அளவு. எட்டாம் வகுப்போடு அது நின்றுவிடுகிறது.

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு வரை சத்துணவு உண்டு. வாரத்தில் ஐந்து நாள் முட்டையும் உண்டு. ஊரில் இருந்திருந்தால் அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்குக் கிடைத்திருக்கும். பிழைப்புக்காக மும்பை வந்ததில் அவள் இழந்தது அது. யாரும் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அவளுக்கு அது எந்த வயது? உடம்பில் ரத்தம் அதிகமாக வேண்டிய வயது. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், நாடு முழுவதும் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 100-க்கு 59 பேருக்கு ரத்தசோகை இருந்தது. "பிள்ளை படிக்க உட்கார்ந்தாலே தூங்குகிறாள், சோம்பேறி" என்று திட்டுவதற்கு முன் அவள் டப்பாவைப் பார்க்க வேண்டும்.

அந்த டப்பாவில் ஒரு முட்டை, கீரை அல்லது முளைப்பயறு, அரை மூடி எலுமிச்சம்பழம். முட்டையில் 6 கிராம் புரதம். அதை ஓடு உடைக்காமலே கொடுத்தனுப்பினால் அவளே உரித்துக் கொள்வாள். கடும் வெயில் மாதங்களில் வீட்டிலேயே கொடுத்துவிடலாம். எலுமிச்சை எதற்கு? கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச் சத்து சுலபத்தில் உடம்பில் ஒட்டாது. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா போன்றவற்றின் புளிப்பில் உள்ள வைட்டமின் சி-தான் அதை ஒட்ட வைக்கிறது. கொதிக்கும்போது பிழிந்தால் வீணாகும். சாப்பிடும் நேரத்தில் பிழிய வேண்டும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி கூடாது என்று அந்த 2024 வழிகாட்டியும் சொல்கிறது. டீயில் உள்ள துவர்ப்பு, இரும்புச் சத்தைப் பிடித்து வைத்துக் கொள்ளும். சாப்பிட்ட கையோடு கட்டிங் டீ குடிக்கும் அப்பாவுக்கும் இது பொருந்தும்.

நாலாவது டப்பா

ஆறு மணிக்கு மூன்று டப்பாவும் கட்டியாகிவிட்டது. கட்டியவர் எப்போது சாப்பிட்டார்?

பாத்திரம் கழுவி, துணி துவைத்து, பக்கத்து வீட்டு வேலையும் முடித்து வந்து உட்காரும்போது மணி இரண்டு. சட்டியில் மிஞ்சியது சோறும் குழம்பின் அடியும். முட்டை மூன்று வாங்கினால் மூன்றும் போய்விட்டது. பயறு டப்பாக்களுக்கே சரியாகப் போயிற்று. வெறும் சோற்றில் மோர் விட்டு ஊறுகாயைத் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, அசதி போக ஒரு டீ. அதே கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 57 பேருக்கு ரத்தசோகை இருந்தது. அதே வயது ஆண்களில் அது 25. ஒரே அடுப்பு, ஒரே அரிசி. இந்த இரண்டு எண்ணுக்கும் இடையே உள்ள தூரத்துக்கு மாதவிடாயும் பிரசவமும் மட்டும் காரணம் அல்ல. கடைசியாகச் சாப்பிடுவதும் ஒரு காரணம்.

இதற்குத் தனிச் சமையல் ஒன்றும் வேண்டாம். பயறை ஊற வைக்கும்போது மூன்று கைப்பிடிக்குப் பதில் நாலு கைப்பிடி. முட்டை வாங்கினால் நாலு. காலையில் மூன்று டப்பாவையும் வரிசையாக வைத்துப் பரிமாறும்போதே நாலாவதாக ஒரு டப்பாவை வைத்து, அதிலும் அதே அளவு போட்டு மூடி வைத்துவிட வேண்டும். மூடி வைத்ததை யாரும் மிச்சம் என்று நினைத்து எடுக்க மாட்டார்கள். பத்தரை, பதினொரு மணிக்குள் சாப்பிட்டுவிட்டால் கெட்டுப்போகிற பயமும் இல்லை. மாலையில் மகள் தன் டப்பாவோடு அதையும் சேர்த்துக் கழுவி வைக்கட்டும்.